தூங்கத் தெரிந்த மதர்போர்டு

வீட்டிலேயே ஒரு சர்வர் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது வேகத்தை. அது சும்மா இருக்கும் நேரத்தில் எத்தனை வாட் இழுக்கும் என்று விசாரிப்பவர்கள் குறைவு. மாதாமாதம் காசைத் தின்பது அந்த எண்தான்.

ஒரு வாட் என்பது பெரிய விஷயமாகத் தெரியாது. செல்போன் சார்ஜரே அதைவிடப் பல மடங்கு கொடுக்கும். ஆனால் அந்த ஒரு வாட் வருடம் முழுக்க இரவு பகல் நிற்காமல் ஓடினால் மீட்டரில் 8.76 யூனிட் ஏறியிருக்கும். பத்து வாட் என்றால் 87.6 யூனிட். நூறு வாட் என்றால் 876. மிக்ஸி, வாஷிங் மெஷின் போல வேலை முடிந்ததும் அணைத்துவிடும் சாமான்களுக்கு இந்தக் கணக்கு வேண்டாம். ஃப்ரிட்ஜ், வைஃபை ரௌட்டர் என அணைக்கவே முடியாத சில பொருட்கள் இருக்கின்றனவே, அவற்றுக்குத்தான் இது. அந்த வரிசையில் இப்போது பல வீடுகளில் சர்வரும் சேர்ந்துகொண்டிருக்கிறது.

வீட்டில் எதற்கு சர்வர்? கூகுள் ஃபோட்டோஸ் 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு வரம்பில்லாத இலவச சேமிப்பை நிறுத்தியது. குழந்தையின் முதல் வருடப் படங்கள், அம்மாவின் அறுபதாம் கல்யாண வீடியோ எல்லாவற்றுக்கும் மாதச் சந்தா கட்ட வேண்டும் என்றானபோது, 'நம்ம வீட்டிலேயே வைத்துக்கொண்டால் என்ன?' என்ற கேள்வி நிறையப் பேருக்கு எழுந்தது. இம்மிச், நெக்ஸ்ட்கிளவுட், ஜெல்லிஃபின், ஹோம் அசிஸ்டென்ட் போன்ற இலவச மென்பொருட்கள் அதற்கு வழி செய்தன. படங்களுக்கு ஒன்று, சினிமாவுக்கு ஒன்று, விளம்பரங்களைத் தடுக்க ஒன்று, வேலை கற்றுக்கொள்ள ஒரு லினக்ஸ், அலுவலகக் கோப்புகளுக்கு ஒரு விண்டோஸ். இத்தனைக்கும் தனித்தனிக் கணினி வாங்க யாராலும் முடியாது.

இங்கேதான் விர்ச்சுவலைசேஷன் வருகிறது. ஒரே கணினியின் பிராசஸரையும் ராமையும் பங்கு பிரித்து, உள்ளே பல கணினிகளை ஓட்டும் முறை இது. ஒன்று பழுதானாலும் பக்கத்தில் இருப்பதைத் தொடாது. பெரிய நிறுவனங்களின் சொத்தாக இருந்த இந்த வித்தை, இன்டெல் 2005-இலும் ஏஎம்டி 2006-இலும் சாதாரண பிராசஸர்களிலேயே அதற்கான வசதியை வைத்த பிறகு வீட்டுக்குள் வந்தது. 2007 பிப்ரவரியில் வெளியான லினக்ஸ் 2.6.20 கெர்னலில் கேவிஎம் என்ற விர்ச்சுவலைசேஷன் பகுதி சேர்ந்தது. அடுத்த வருடமே அதன் மேல் ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற இலவச மென்பொருள் வியன்னாவிலிருந்து வந்தது. இதே வேலைக்கான மென்பொருள் செய்யும் விஎம்வேரை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கி, சில மாதங்களில் அதன் இலவசப் பதிப்பை நிறுத்தியபோது, வீட்டு சர்வர்காரர்கள் பலர் ப்ராக்ஸ்மாக்ஸ் பக்கம் சாய்ந்தார்கள். இலவசப் பதிப்பு 2025 ஏப்ரலில் மீண்டும் வந்தது. ஆனாலும் போனவர்கள் பலர் போனவர்கள்தான்.

மென்பொருள் இலவசம். கணினியையும் எங்கிருந்தாவது தேற்றிவிடலாம். விட்டுப்போவது கரன்ட்.

ஈபி பில்லில் என்ன தெரியும்?

இரண்டு மாதத்துக்கு 450 யூனிட் செலவழிக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் மாற்றியமைத்த கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம். 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். பில் 1,425 ரூபாய் வரும்.

அந்த வீட்டில், அலுவலகத்தில் கழித்துப்போட்ட பழைய டவர் கணினி ஒன்றை சர்வராக்குகிறார்கள். சும்மா இருக்கும்போதே அது 60 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபது நாளில் 86 யூனிட். மொத்தம் 536 ஆகிறது. 500-ஐத் தாண்டியவர்களுக்குக் கணக்கே வேறு: 101 முதல் 200 வரை இருந்த 2.25 ரூபாய் சலுகை போய் அந்த யூனிட்டுகளுக்கும் 4.50 விழும். 500-க்கு மேல் 600 வரை ஒவ்வொரு யூனிட்டும் 8 ரூபாய். பில் 2,238 ரூபாய். அதாவது அந்த 'இலவச' கணினி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 813 ரூபாய் கேட்கிறது.

அதே வீட்டில் 12 வாட் இழுக்கும் சர்வர் இருந்தால்? 17 யூனிட். மொத்தம் 467, பில் 1,527. கூடுதல் 102 ரூபாய். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வருடத்துக்கு 4,266 ரூபாய். பிறகு கட்டணம் ஏறியிருக்கிறது, ஆகவே இந்த இடைவெளி கூடத்தான் செய்யும். சர்வர் என்பது நான்கைந்து வருடமாவது ஓடும் பொருள். அந்தக் காலத்துக்கும் சேர்த்துப் பெருக்கிப் பார்த்தால், போர்டுக்குக் கூடக் கொடுக்கத் தயங்கிய சில ஆயிரம் எந்தப் பக்கம் போகிறது என்பது புரியும்.

கரன்ட் போகும் நேரத்துக்கும் இது உதவும். வீட்டில் வைக்கும் சின்ன யுபிஎஸ்களில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரிதான் இருக்கும். கணக்குப்படி 84 வாட்-அவர். அதில் பாதிதான் கைக்கு வரும் என்று வைத்தாலும் 60 வாட் கணினி முக்கால் மணி நேரத்துக்குள் படுத்துவிடும். 12 வாட் கணினி மூன்றரை மணி நேரம் தாங்கும். மே மாத வெயிலில் காற்றோட்டமில்லாத ஷெல்ஃபுக்குள் இருக்கும் ஒரு பெட்டி கக்கும் சூடு எவ்வளவு என்பதையும் இதே எண்தான் தீர்மானிக்கிறது.

பெட்டியில் அச்சிட்ட எண்

போர்டும் பிராசஸரும் தேட இறங்குபவர்கள் முதலில் பிடித்துக்கொள்வது டிடிபி என்ற எண்ணை. 6 வாட், 35 வாட், 65 வாட் என்று பெட்டியிலேயே இருக்கும். இது பிராசஸர் முழு வேகத்தில் தொடர்ந்து வேலை செய்யும்போது எவ்வளவு வெப்பத்தை வெளியேற்ற வேண்டும் என்பதற்கான அளவு. ஃபேனும் ஹீட்சிங்கும் வடிவமைப்பவர்களுக்கானது. வீட்டு சர்வர் அப்படி மூச்சு முட்ட வேலை செய்வது ஒரு நாளில் எத்தனை நிமிடம்? இரவு படங்களை பேக்கப் எடுக்கும்போது, யாராவது சினிமா பார்க்கும்போது. மற்ற நேரமெல்லாம் யாராவது கூப்பிடுவார்களா என்று காத்துக் கிடக்கிறது.

இன்டெல் கோர் ஐ5-8500, 65 வாட். ஐ5-8500டி, 35 வாட். பெயரில் 'டி' இருப்பதைத் தேடித் தேடி வாங்குபவர்கள் உண்டு. இரண்டும் ஒரே சில்லுதான். 'டி'க்கு உச்ச வேகத்தில் கடிவாளம் போட்டிருக்கிறார்கள், அவ்வளவே. சும்மா இருக்கும்போது இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான் இழுக்கும். சின்னப் பெட்டிக்குள் சூடு அடங்க வேண்டும் என்றால் 'டி' வாங்கலாம். பில் குறையும் என்று நம்பி அதற்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

சும்மா இருக்கும் நேரத்து வாட்டைத் தீர்மானிப்பதில் மதர்போர்டின் பங்கு பெரியது. ஒரே பிராசஸரை இரண்டு போர்டுகளில் மாட்டினால் சுவர் பிளக்கில் அளக்கும் வாட் இரு மடங்குகூட வேறுபடலாம். கேமிங் போர்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பிராசஸரைச் சுற்றிப் பதினாறு கட்ட மின்சுற்று, தனி சவுண்ட் சிப், வைஃபை, கூடுதல் யுஎஸ்பி கண்ட்ரோலர், கலர் லைட். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொன்றும் தன் பங்கை எடுத்துக்கொண்டிருக்கும். அரை வாட், ஒரு வாட் என்று சேர்ந்து பத்தைத் தொட்டுவிடும்.

தூக்கத்தைக் கெடுக்கும் ஒரு கார்டு

இந்த விஷயத்தின் உயிர்நாடி இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

இன்றைய பிராசஸர்கள் வேலை இல்லாதபோது படிப்படியாக உறக்கத்துக்குப் போகின்றன. இந்தப் படிகளுக்கு சி-ஸ்டேட் என்று பெயர். சி0 என்றால் முழு விழிப்பு. எண் கூடக் கூட ஆழ்ந்த தூக்கம். தனித்தனி கோர்கள் உறங்குவது ஒரு கட்டம். பிராசஸரின் மொத்தத் தொகுப்பும், அதாவது மெமரி கண்ட்ரோலர், உள்பாதைகள் எல்லாம் சேர்ந்து, உறங்குவது அடுத்த கட்டம். பெரிய மிச்சம் இந்த இரண்டாவதில்தான் இருக்கிறது. இன்டெல் பிராசஸர்களில் தொகுப்பு சி8, சி10 வரை இறங்கினால் வாட் மீட்டரில் எண் சட்டென்று கீழே போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சி2, சி3-யிலேயே நின்றுவிட்டால் எவ்வளவு நல்ல பிராசஸராக இருந்தாலும் பலனில்லை.

அது இறங்குவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. போர்டில் இருக்கும் ஒவ்வொரு கருவியும் சம்மதிக்க வேண்டும். நெட்வொர்க் சிப், எஸ்எஸ்டி, டிஸ்க்குகளை இணைக்கும் சாட்டா கண்ட்ரோலர் போன்றவை பெரும்பாலும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை வழியாகப் பிராசஸரோடு பேசுகின்றன. பேச்சில்லாத நேரத்தில் அந்தப் பாதையை ஓய்வுக்கு அனுப்பும் ஏற்பாட்டின் பெயர் ஏஎஸ்பிஎம். ஒரே ஒரு கார்டு இதற்கு ஒத்துவராவிட்டாலும் மொத்தத் தொகுப்பும் விழித்துக்கொண்டே இருக்கும்.

பழைய சர்வர்களிலிருந்து கழற்றி விற்கும் எல்எஸ்ஐ எஸ்ஏஎஸ்2008 சிப் கொண்ட டிஸ்க் கார்டுகள் இதற்கு நல்ல உதாரணம். விலை மலிவு, எட்டு டிஸ்க் மாட்டலாம், நம்பகமானவை. ஆனால் அந்தக் கார்டு தானே பல வாட் தின்பதோடு பிராசஸரையும் ஆழ்ந்து தூங்க விடாது. கூடுதல் சாட்டா போர்ட் தேவைப்படுபவர்கள் ஏஎஸ்எம்1166 சிப் உள்ள சின்னக் கார்டுகளை நாடுவதற்குக் காரணம், அது ஏஎஸ்பிஎம்முக்கு ஒத்துழைப்பதுதான். எல்லாவற்றையும்விட நல்லது, போர்டின் மையச் சிப்பான சிப்செட்டிலேயே தேவையான சாட்டா போர்ட்டுகள் உள்ள போர்டை வாங்கி, கார்டே போடாமல் இருப்பது.

நெட்வொர்க் சிப்பிலும் கவனம் வேண்டும். சில ரியல்டெக் சிப்களுக்கு லினக்ஸ் டிரைவர் ஏஎஸ்பிஎம்மைத் தானாகவே அணைத்துவைக்கிறது. இன்டெல்லின் ஐ225-வி என்ற 2.5 கிகாபிட் சிப்பின் ஆரம்பப் பதிப்புகளில் வடிவமைப்புக் குறை இருந்து, பிறகு திருத்திய பதிப்பு வந்தது. ஐ226 அதற்கு அடுத்தது. காப்பர் கேபிளில் 10 கிகாபிட் என்பது கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் சூடும் வாட்டும் அதில் கூடுதல். வீட்டில் இருக்கும் டிஸ்க்குகளுக்கு 2.5 கிகாபிட் தாராளம் என்பது என் கருத்து.

இதெல்லாம் சரியாக இருந்தும் பயாஸில் சி-ஸ்டேட்டுக்கும் ஏஎஸ்பிஎம்முக்கும் அமைப்பே இல்லாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. லினக்ஸில் பவர்டாப் என்ற சின்ன மென்பொருள் இருக்கிறது. தொகுப்பு எந்தப் படி வரை இறங்குகிறது, அங்கே எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதை அது சதவீதத்தில் காட்டும். போர்டு கைக்கு வந்ததும் முதல் வேலையாக எந்தக் கார்டும் போடாமல் அதை ஓட்டிப் பாருங்கள். பிறகு ஒவ்வொன்றாக மாட்டுங்கள். எதைப் போட்டதும் தூக்கம் கெடுகிறது என்பது அப்போதே பிடிபடும்.

ஆக்ஸ்பர்க் தந்த பாடம்

மின்கட்டணம் கடுமையாக உள்ள ஜெர்மனியில் இந்த வித்தையை ஆழமாகப் படித்தார்கள். யூனிட்டுக்கு 35 சென்ட் என்று வைத்தால் ஒரு வாட் வருடத்துக்கு மூன்று யூரோ. ஒவ்வொரு வாட்டுக்கும் சண்டை போட அங்கே காரணம் இருந்தது. அவர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய போர்டு ஃபுஜிட்சுவின் டி3417-பி. ஃபுஜிட்சு தன் மதர்போர்டுகளைப் பவேரியாவின் ஆக்ஸ்பர்க் நகரத்தில் தயாரித்துவந்தது.

படத்தில் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். அலங்காரமில்லை, பெரிய ஹீட்சிங்க் இல்லை. இன்டெல் சி236 சிப்செட், அதிலிருந்தே வரும் சாட்டா போர்ட்டுகள், ஒரு இன்டெல் நெட்வொர்க் சிப், நான்கு மெமரி ஸ்லாட்டில் 64 ஜிபி வரை. பிழை திருத்தும் ஈசிசி மெமரியை ஐ3-6100 போன்ற மலிவான பிராசஸரோடும் ஏற்றுக்கொண்டது. தேவைக்கு மேல் ஒரு சிப் கிடையாது. பயாஸ் பிராசஸரைத் தூங்க அனுமதித்தது. நல்ல பவர் சப்ளையோடு சேர்த்தால் சுவர் பிளக்கில் 10 வாட் அளவில் நிற்கும் முழு சர்வர் கிடைத்தது. அடுத்து சி246 சிப்செட்டோடு டி3644-பி வந்தது. 2018-இல் ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையை மூடப்போவதாக ஃபுஜிட்சு அறிவித்தது. மதர்போர்டுப் பிரிவு 2019-இல் கான்ட்ரான் நிறுவனத்துக்குப் போனது.

அந்த போர்டுகளைத் தேடி நீங்கள் அலைய வேண்டியதில்லை. அவை எப்படி ஜெயித்தன என்று தெரிந்துகொண்டால், இன்று எந்தக் கம்பெனி போர்டைப் பார்த்தாலும் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியும்: சிப்களின் எண்ணிக்கை குறைவு, தேவையானது சிப்செட்டிலேயே இருக்கிறது, பயாஸ் ஒத்துழைக்கிறது.

என்100 போதுமா?

2023 தொடக்கத்தில் இன்டெல் வெளியிட்ட என்100, வீட்டு சர்வர் உலகத்தில் பெரிய அலையை உண்டாக்கியது. நான்கு சிக்கனக் கோர்கள், 6 வாட் டிடிபி, பிராசஸர் போர்டிலேயே பதிந்து வரும். விர்ச்சுவலைசேஷனுக்கு வேண்டிய விடி-எக்ஸ், விடி-டி இரண்டும் உண்டு. உள்ளேயே உள்ள கிராஃபிக்ஸ், வீடியோவை உருமாற்றும் வேலையை அலட்டிக்கொள்ளாமல் செய்வதால் ஜெல்லிஃபினுக்கு அற்புதமான துணை. ஏஎஸ்ராக்கின் என்100டிசி-ஐடிஎக்ஸ் போன்ற போர்டுக்கு ஃபேனே இல்லை. லேப்டாப் சார்ஜர் மாதிரி 19 வோல்ட் அடாப்டர் செருகினால் போதும்.

முட்டுவது மெமரியில். விர்ச்சுவல் மெஷின்கள் முதலில் காலி செய்வது ராமைத்தான். பிராசஸர் பாதி கூட நிரம்பியிருக்காது. என்100-க்கு ஒரே மெமரி சேனல், இன்டெல் சொல்லும் உச்ச வரம்பு 16 ஜிபி. 32 ஜிபி மாட்டி நிம்மதியாக ஓட்டுபவர்கள் பலர் இருக்கிறார்கள் என்றாலும் அதற்கு உத்தரவாதம் கிடையாது. ப்ராக்ஸ்மாக்ஸுக்கு 2 ஜிபி, ஹோம் அசிஸ்டென்ட்டுக்கு 2 ஜிபி, ஒரு விண்டோஸ் 11 என்றால் குறைந்தது 4, வசதியாக 8. பட்டியல் போட்டுப் பாருங்கள், 16 எவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்று தெரியும். எல்லாவற்றையும் முழு விர்ச்சுவல் மெஷினாகப் போடாமல் கெர்னலைப் பகிர்ந்துகொள்ளும் எல்எக்ஸ்சி கன்டெய்னர்களாகப் போட்டால் நிறைய மிச்சமாகும்.

இன்னொன்று, பாதைகள். என்100-இடம் மொத்தமே ஒன்பது பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 பாதைகள். ஆறு சாட்டா, நான்கு 2.5 கிகாபிட் போர்ட், இரண்டு எம்.2 ஸ்லாட் என்று சீனாவிலிருந்து வரும் போர்டுகளின் பட்டியல் வாயைப் பிளக்க வைக்கும். அத்தனையும் அந்த ஒன்பதைத்தான் பங்குபோட்டாக வேண்டும். கூடுதல் சாட்டா எந்த சிப் வழியாக வருகிறது என்று விசாரிக்காமல் வாங்கினால், தூக்கம் கெட்ட போர்டாகவும் அமையலாம்.

ஏஎம்டி பக்கம் போனால்

ரைசனில் இரண்டு குடும்பங்கள். பல துண்டுச் சில்லுகளை இணைத்துச் செய்தவை ஒன்று; 5600எக்ஸ் போன்றவை. துண்டுகளுக்கிடையே ஓடும் இணைப்பும் தனி ஐ/ஓ சில்லும் ஓய்ந்து உட்காராததால் சும்மா இருக்கும்போதும் இவை கூடுதலாகவே இழுக்கும். 5600ஜி போலப் பெயரில் 'ஜி' உள்ளவை ஒரே சில்லு, சிக்கனம். ஏஎம்4 தலைமுறையில் 'ஜி' இல்லாதவற்றுக்கு கிராஃபிக்ஸும் கிடையாது. திரை தெரிவதற்காகவே ஒரு கார்டு போட்டால் பத்து வாட்டோ அதற்கு மேலோ அதற்கே போய்விடும்.

சிப்செட்டும் முக்கியம். 2019-இல் வந்த எக்ஸ்570-இன் டிடிபி 11 வாட். அதனால்தான் அந்தத் தலைமுறை போர்டுகளில் சிப்செட்டுக்கே ஒரு குட்டி ஃபேன் சுழன்றது. சர்வருக்கு அது வேண்டவே வேண்டாம். பி550, ஏ520 போதும்.

பயாஸில் தேட வேண்டியவை

சிக்கனத்தோடு சேர்த்து விர்ச்சுவலைசேஷனுக்கான அடிப்படையும் இருக்க வேண்டும். ஏஎம்டி போர்டுகளில் அது எஸ்விஎம் என்ற பெயரில், பெரும்பாலும் அணைத்த நிலையில் இருக்கும். ஒரு கார்டையோ டிஸ்க் கண்ட்ரோலரையோ ஒரு விர்ச்சுவல் மெஷினுக்கு முழுசாக ஒப்படைக்க வேண்டுமென்றால் விடி-டி அல்லது ஏஎம்டி-விஐ வேண்டும். பழைய பிராசஸர் தேடுபவர்கள் கவனிக்க: 2011-இன் ஐ7-2600கே அந்தக் காலத்து ராஜா என்றாலும் அதில் விடி-டி கிடையாது. அதே வருடத்து சாதாரண 2600-இல் உண்டு.

வசதி இருந்தாலும் போர்டு கருவிகளை எப்படிக் குழு பிரித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரே ஐஓஎம்எம்யூ குழுவில் நெட்வொர்க் சிப்பும் சாட்டாவும் சேர்ந்திருந்தால் ஒன்றை மட்டும் பிரித்துக் கொடுக்க முடியாது. பி450, பி550 போன்ற போர்டுகளில் பிராசஸரிலிருந்து நேராக வரும் ஸ்லாட் தனியாக நிற்கும். சிப்செட் வழியாக வருபவை பெரும்பாலும் ஒரே கூட்டமாக இருக்கும். வாங்கிய பிறகு இதை மாற்றுவது கஷ்டம்.

நம் ஊருக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். கரன்ட் போய்த் திரும்ப வந்ததும் கணினி தானாக ஆன் ஆகும் அமைப்பு பயாஸில் இருக்கிறதா என்று பாருங்கள். வெளியூரில் இருக்கும்போது வீட்டில் கரன்ட் போய் வந்தால், இந்த ஒரு அமைப்பு இல்லாததால் எல்லாம் முடங்கிக் கிடக்கும்.

சர்வர் போர்டு எப்போது?

ஈசிசி மெமரியும், திரை இல்லாமலே தூரத்திலிருந்து பயாஸ் வரை போய்ப் பார்க்கும் வசதியும் வேண்டும் என்பவர்களுக்கு அசல் சர்வர் போர்டுகள் உண்டு. சூப்பர்மைக்ரோவின் எக்ஸ்10எஸ்டிவி வரிசை இன்னும் செகண்ட் ஹேண்டில் தேடப்படுகிறது. 2015-இல் வந்த 45 வாட் ஜியான் டி பிராசஸர், உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய போர்டில் 128 ஜிபி வரை மெமரி. ஆனால் தூரத்திலிருந்து கட்டுப்படுத்தும் பிஎம்சி என்பது தனி ஒரு குட்டிக் கணினி. சர்வர் அணைந்திருக்கும்போதும் அது விழித்திருந்து சில வாட்டை எடுத்துக்கொண்டே இருக்கும். சர்வருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவருக்கு அது தேவையா என்பதை அவரே தீர்மானிக்கட்டும்.

செகண்ட் ஹேண்ட் தேடுபவர்கள் தவறாமல் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கதை இருக்கிறது. இன்டெல் 2013-இல் ஆட்டம் சி2000 என்ற சிக்கன சர்வர் பிராசஸரை வெளியிட்டது. வீட்டு சர்வருக்காகவே செய்ததுபோல இருந்தது. கோப்புகளைச் சேமிக்கும் நாஸ் பெட்டிகள், ரௌட்டர்கள், மினி-ஐடிஎக்ஸ் சர்வர் போர்டுகள் எல்லாவற்றிலும் ஏறியது. 2017 தொடக்கத்தில் இன்டெல் தன் குறைப்பட்டியலில் ஏவிஆர்54 என்ற ஒன்றைச் சேர்த்தது. எல்பிசி கடிகாரத் துடிப்பை வெளியே அனுப்பும் சுற்று நாளடைவில் தேய்ந்து நின்றுவிடலாம். நின்றுவிட்டால் கணினி கிளம்பாது. நேற்று வரை நன்றாக ஓடிய பெட்டி ஒருநாள் ரீஸ்டார்ட் செய்ததும் எழவே எழாது. இன்டெல் பிறகு சி0 என்ற திருத்திய பதிப்பை வெளியிட்டது. பழைய பதிப்பு போர்டுகள் இன்னும் சந்தையில் சுற்றுகின்றன. விலையைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள்.

பவர் சப்ளையை மறந்துவிடாதீர்கள்

போர்டில் மிச்சம் பிடித்ததையெல்லாம் பவர் சப்ளையில் கோட்டைவிடுவது சாதாரணமாக நடக்கிறது. 80 பிளஸ் என்ற முத்திரையில் ப்ரான்ஸ் (வெண்கலம்), கோல்டு என்று தரம் போட்டிருப்பார்கள். அந்தச் சோதனை நடப்பது 20, 50, 100 சதவீதச் சுமைகளில். டைட்டானியம் தரத்துக்கு 10 சதவீதத்திலும் சோதிப்பார்கள். 550 வாட் பவர் சப்ளையில் 15 வாட் சர்வரை மாட்டினால் சுமை 3 சதவீதம்கூட இல்லை. அந்த இடத்தில் அது எவ்வளவை வீணாக்குகிறது என்று முத்திரை எதுவும் சொல்லாது. அதனால்தான் அடாப்டரில் ஓடும் போர்டுகளும், சின்ன டிசி-டிசி பவர் சப்ளைகளும் இந்த வேலைக்குப் பொருந்துகின்றன. 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் சுழன்றுகொண்டிருக்கும்போது ஒவ்வொன்றும் 5 வாட் சுமாருக்கு எடுக்கும், கிளம்பும் சில நொடிகளில் 20 வாட்டைத் தாண்டும். நான்கு டிஸ்க் மாட்டப்போகிறவர் அந்த உச்சத்தைக் கணக்கிட்டே பவர் சப்ளை வாங்க வேண்டும்.

அப்படியானால் எதை வாங்குவது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்குத் தனியாக மதர்போர்டு வாங்கவே தேவையில்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் மற்ற ஊர்களின் செகண்ட் ஹேண்ட் கடைகளிலும் அலுவலகங்களில் கழித்துப்போட்ட சிறிய கணினிகள் கிடைக்கின்றன: லெனோவா டைனி, டெல் மைக்ரோ, ஹெச்பி மினி. எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் ஐ5 உள்ள ஒன்றைப் பார்த்து எடுத்தால் குறைந்தது ஆறு கோர், இரண்டு மெமரி ஸ்லாட், அடாப்டர் எல்லாம் சேர்ந்து வரும்; சும்மா இருக்கும்போது 10 வாட் சுற்றுவட்டாரத்தில் நிற்கும். டிஸ்க் இரண்டுக்கு மேல் தேவையில்லாத குடும்பத்துக்கு இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

நான்கு டிஸ்க்காவது மாட்டவேண்டும், விண்டோஸும் நான்கைந்து லினக்ஸும் ஓடவேண்டும் என்பவர்கள், சிப்செட்டிலேயே நான்கு முதல் ஆறு சாட்டா போர்ட் உள்ள, அலங்காரமில்லாத மைக்ரோ-ஏடிஎக்ஸ் போர்டை எடுத்து, உள்ளேயே கிராஃபிக்ஸ் உள்ள பிராசஸர் போடுங்கள். 64 ஜிபிக்கு இடம் இருக்கட்டும். படங்கள், விளம்பரத் தடுப்பு, சினிமா, இவ்வளவுதான் என்பவர்களுக்கு என்100 போர்டு போதும், நிறைவாகவே போதும். ஈசிசி இல்லாமல் தூக்கம் வராது என்பவர்கள் மட்டும் சர்வர் போர்டுக்குப் போங்கள். அந்தச் சில வாட்டுக்கு அவர்களிடம் நியாயமான காரணம் இருக்கிறது.

சீலிங் ஃபேனுக்கு 2023 ஜனவரி முதல் ஸ்டார் லேபிள் கட்டாயம். 75 வாட் ஃபேனைக் கழற்றி 30 வாட் பிஎல்டிசி ஃபேன் மாட்டுகிற குடும்பங்கள் அந்த லேபிளைப் பார்த்துத்தான் முடிவெடுக்கின்றன. வருடம் முழுக்க ஓடப்போகும் மதர்போர்டின் பெட்டியில், சும்மா இருக்கும்போது எத்தனை வாட் என்று ஒரு வரிகூட இல்லை. தயாரிப்பாளர்கள் அதை அச்சிட வேண்டும். அதுவரை நாமே அளந்து நாமே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். போர்டு வாங்கும் முன் அதன் மேனுவலை டவுன்லோட் செய்து பயாஸ் பக்கங்களைப் படியுங்கள். வாங்கியதும் ஒரு வாட் மீட்டரைச் செருகி அளந்து பாருங்கள். எந்த போர்டு, எந்த பிராசஸர், எத்தனை டிஸ்க், எந்தப் பவர் சப்ளை, சுவரில் எத்தனை வாட் என்று எழுதி, அடுத்து வாங்கப்போகும் நண்பருக்குக் கொடுங்கள். தமிழில் அப்படிப்பட்ட அளவுகள் நிறைய வரவேண்டும்.